கடலுக்கடியில் இருப்பது யாருடைய சொத்து?



2022ஆம் ஆண்டை நீங்கள் இலகுவில் மறந்திருக்கமாட்டீர்கள். வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வீதியோரம் வரிசையாக வைத்துவிட்டு, இன்று வரும், நாளை வரும் என்று காத்துநின்ற காலம் அது. எங்கள் வீட்டில் உம்மா பின்வளவில் மூன்று கல்லை வைத்து விறகடுப்பை மூட்டினார். "வெளிநாட்டான் கப்பல அனுப்பினாத்தான் எங்கட வீட்ட சோறு வேகும் எண்ட நெலமைக்கு வந்துட்டோமே மகன்" என்று அவர் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் கேட்கிறது.

அண்மையில் பெண்கள் வகுப்பு முடிந்ததும் சகோதரி ஒருவர் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தனுப்பினார். "ஹஸரத், மன்னார்க் கடலில் கேஸ் இருப்பதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் ஏன் இன்னும் எடுக்கவில்லை? எடுத்தால் எங்கள் சிலிண்டர் விலை குறையுமா? அதை எடுக்க வருகிற கம்பனிக்கு அரசாங்கம் ஏன் சலுகை கொடுக்க வேண்டும்?" என்று அதில் எழுதியிருந்தது.

மூன்றும் நல்ல கேள்விகள். பதில் சொல்ல வேண்டுமானால், முதலில் எண்ணெய் தேடும் அனுமதிப்பத்திரம் என்றால் என்னவென்று விளங்கிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் ஆண்களின் பேச்சு என்று ஒதுங்கிவிடாதீர்கள். வரிசையில் நின்றவர்கள் நீங்கள்தானே!

பலாக்காயைத் தட்டிப் பார்ப்பது போல

உங்கள் குடும்பத்துக்கு ஒரு காணி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் நல்ல தண்ணீர் இருக்கக்கூடும் என்று பலரும் சொல்கிறார்கள். கிணறு தோண்ட உங்களிடம் பணமில்லை. ஒருவர் வந்து, "என் செலவில் தோண்டுகிறேன். தண்ணீர் வந்தால் விற்று எனக்கொரு பங்கு, உங்களுக்கொரு பங்கு" என்கிறார். நீங்கள் என்ன கேட்பீர்கள்? எத்தனை வருடத்துக்கு? எனக்கு எவ்வளவு பங்கு? தண்ணீர் வராவிட்டால் நட்டம் யாருக்கு? தோண்டாமல் சும்மா போட்டு வைத்தால் காணி எப்போது திரும்பி வரும்? கடைசியில் குழியை மூடுவது யார்? கணக்குப் புத்தகம் யார் கையில்?

அனுமதிப்பத்திரம் என்பது இந்தக் கேள்விகளுக்கான பதில்களை எழுதிவைத்த ஒப்பந்தந்தான். பெரும்பாலான நாடுகளில் நிலத்துக்கும் கடலுக்கும் அடியில் உள்ள எண்ணெயும் எரிவாயுவும் நாட்டுக்குச் சொந்தம். அரசு அவற்றின் காவற்காரன். அரசு கடலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் குறிப்பிட்ட காலத்துக்குத் தேடும் உரிமையை ஒரு கம்பனிக்கோ பல கம்பனிகளுக்குச் சேர்த்தோ கொடுக்கிறது.

தேடுவது எப்படி? கப்பலிலிருந்து ஒலி அலைகளைக் கடலுக்கடியில் அனுப்பி, பாறைப் படைகளில் பட்டுத் திரும்பி வரும் எதிரொலியைப் பதிவு செய்கிறார்கள். பலாக்காயைத் தட்டிச் சத்தத்தை வைத்துப் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பீர்களே, அதைப் போன்றது. ஆனால் வெட்டிப் பார்த்தால்தானே உள்ளே சுளை இருக்கிறதா, சக்கைதானா என்பது நிச்சயமாகும்? அந்த வெட்டிப் பார்க்கும் வேலைதான் கிணறு துளைப்பது. ஆழ்கடலில் ஒரு கிணற்றுக்கே கோடிக்கணக்கான டொலர் செலவாகும். துளைத்தவற்றுள் பல வெறுமையாகவே முடியும். இவ்விடயத்தின் சிக்கல் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது. நிச்சயமில்லாத ஒன்றுக்கு யார் பணம் போடுவது?

75 வருடக் குத்தகை

மோசமான ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்பதற்கு ஈராக்கைப் பார்க்கலாம். 1925ஆம் ஆண்டு, பிரித்தானியரின் செல்வாக்கின் கீழ் நாடு இருந்த காலத்தில், மேற்கு நாட்டுக் கம்பனிகள் சேர்ந்து நடத்திய ஒரு கூட்டுக் கம்பனிக்கு 75 வருடத்துக்கு உரிமை எழுதிக் கொடுக்கப்பட்டது. பின்னர் ஈராக் பெற்றோலியக் கம்பனி என்று பெயர் பெற்றது அதுதான். ஈராக்குக்குக் கிடைக்கவிருந்தது ஒரு தொன் எண்ணெய்க்குத் தங்க மதிப்பில் நான்கு ஷிலிங். 1927இல் கிர்கூக்கில் எண்ணெய் பீறிட்டது. எவ்வளவு எடுப்பது, எப்போது எடுப்பது என்பதையெல்லாம் கம்பனியே தீர்மானித்தது. 1961இல் ஈராக் அரசு 80ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்து, கம்பனி பயன்படுத்தாமல் வைத்திருந்த பரப்பை, அதாவது உரிமைப் பரப்பில் 99 வீதத்துக்கும் மேலானதை மீட்டெடுத்தது. தோண்டாத காணியைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை ஆரம்பத்திலேயே இறுக்கமாக எழுதாததன் விலை அது.

குளிர் நாடு செய்த காரியம்

இனி நோர்வேக்குப் போவோம். சுமார் 55 இலட்சம் மக்கள் வாழும் நாடு. மீனும் கப்பலும் மரமும்தான் அவர்களது பழைய பிழைப்பு. 1958இல் அந்நாட்டின் புவியியல் ஆய்வு நிறுவனம், கரையோரக் கடற்படுக்கையில் எண்ணெய் கிடைக்கும் வாய்ப்பே இல்லை என்று அரசுக்கு எழுதியது. மறுவருடம் நெதர்லாந்தில் பெரியதோர் எரிவாயுப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. எல்லோருடைய பார்வையும் வட கடலின் பக்கம் திரும்பியது.

1962இல் பிலிப்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனி, மாதம் 160,000 டொலர் தருகிறோம், உங்கள் கடலில் தேட எங்களுக்கு உரிமை தாருங்கள் என்று கேட்டது. சும்மா கிடக்கும் கடலுக்கு மாதா மாதம் பணம்! எந்த அரசுக்கும் ஆசை வரும். நோர்வே மறுத்துவிட்டது. ஒரே கம்பனியின் கையில் கடல் முழுவதையும் கொடுக்கக்கூடாது என்பது அதன் முடிவு. 1963இல் கடற்படுக்கை நாட்டுக்குச் சொந்தம் என்று பிரகடனம் செய்தது. 1965இல் அயல் நாடுகளான பிரித்தானியாவுடனும் டென்மார்க்குடனும் எல்லையைப் பேசி முடித்தது. அதே வருடம் 78 கட்டங்களுக்கு 22 அனுமதிப்பத்திரங்களை வழங்கியது.

வரிசையைக் கவனித்தீர்களா? முதலில் சொத்து யாருடையது என்ற சட்டம், பிறகு எல்லை, அதன் பிறகே அனுமதி. வீடு கட்டும்போது உறுதியைச் சரிபார்த்து, வேலி போட்டு, பிறகுதானே மேசனைக் கூப்பிடுகிறோம்?

பஸராவிலிருந்து வந்த தகப்பன்

இந்தக் கதையில் உங்கள் மனதைத் தொடும் ஒரு பகுதி உண்டு. பாரூக் அல்காஸிம் என்பவர் ஈராக்கின் பஸரா நகரைச் சேர்ந்தவர். லண்டனில் பெற்றோலியப் புவியியல் கற்று, மேலே சொன்ன ஈராக் பெற்றோலியக் கம்பனியில் உயர் பதவி வகித்தவர். அவரது மனைவி நோர்வே நாட்டுப் பெண். அவர்களது கடைசிப் பிள்ளை மூளை வாதத்துடன் பிறந்தது. பிள்ளைக்கு வேண்டிய பராமரிப்பு நோர்வேயில் கிடைக்கும் என்பதற்காக, நல்ல உத்தியோகத்தையும் பிறந்த ஊரையும் விட்டுவிட்டு 1968இல் குடும்பத்தோடு புறப்பட்டார்கள்.

மே மாதத்தில் ஒரு நாள் காலை ஒஸ்லோ நகரில் வந்திறங்கினார் பாரூக். மனைவியின் ஊருக்குச் செல்லும் ரயில் மாலையில்தான். இடையில் இருந்த நேரத்தில் கைத்தொழில் அமைச்சுக்குப் போய், நோர்வேயில் வேலை செய்யும் எண்ணெய்க் கம்பனிகளின் பட்டியல் கிடைக்குமா என்று கேட்டார். வேலை தேட வேண்டுமே! அமைச்சில் எண்ணெய் விடயத்தைப் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர்களுக்கோ துளைக்கப்பட்ட கிணறுகளின் விபரங்கள் குவிந்து கிடந்தன. வாசித்துப் பொருள் சொல்ல ஆள் இல்லை. பட்டியல் கேட்டு வந்தவரையே தங்கள் ஆலோசகராக அமர்த்திக்கொண்டார்கள்.

அதுவரை துளைத்த கிணறுகள் ஏமாற்றத்தையே தந்திருந்தன. 1969இன் கடைசியில் எகோபிஸ்க் என்ற மாபெரும் எண்ணெய்ப் படிவு கண்டறியப்பட்டது. அதன் பின் அரசின் எண்ணெய்க் கொள்கையை வரைந்தவர்களுள் பாரூக்கும் முக்கியமானவர். 1972இல் நோர்வேப் பாராளுமன்றம் இரண்டு நிறுவனங்களை உருவாக்கியது. ஒன்று ஸ்டாட்ஒயில் என்ற அரச எண்ணெய்க் கம்பனி; அது வியாபாரம் செய்யும். மற்றது பெற்றோலியப் பணிப்பகம், அது கண்காணிக்கும். தன் கம்பனியையே தான் மேற்பார்வை செய்யும் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக இரண்டையும் வேறாக வைத்தார்கள்.

அந்தப் பணிப்பகத்தில் பாரூக் பல்லாண்டு காலம் பணிப்பாளராக இருந்தார். எகோபிஸ்கில் இருந்த எண்ணெயில் சுமார் 17 வீதத்தைத்தான் வெளியே எடுக்கலாம் என்பது ஆரம்பகால மதிப்பீடு. இலேசாக வருவதை எடுத்துக்கொண்டு போவது கம்பனிக்கு இலாபம். அடியில் மிஞ்சுவது நாட்டுக்கு நட்டம். படிவுக்குள் கடல்நீரைச் செலுத்தி மேலும் எண்ணெயைத் தள்ளியெடுக்கும் முறையை மேற்கொள்ளும்படி அவர் வற்புறுத்தினார். 1987இல் அது பெருமளவில் தொடங்கியது. இப்போது 50 வீதத்துக்கும் மேல் எடுக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். தேங்காயை ஒருமுறை பிழிந்துவிட்டு எறியாமல் இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுக்கச் சொன்னவர் அவர் என்று நான் வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு பிள்ளையின் வருத்தத்துக்காக ஊரைவிட்டு வந்த தகப்பனின் அறிவு, இன்னொரு நாட்டின் தலைமுறைகளுக்கே பயன்பட்டது. ஈராக்கின் எண்ணெய் வயலில் கற்றவர், அங்கே நடந்த தவறு இங்கே நடக்காமல் இருக்க உழைத்தார். பணத்தைவிட, கணக்கு விளங்கிய ஒரு மனிதர் அரசின் பக்கம் இருப்பது எவ்வளவு பெரிய பலம்!

அரசு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

சகோதரியின் மூன்றாவது கேள்விக்கு இப்போது வருவோம்.

நோர்வேயில் எண்ணெய்க் கம்பனியின் இலாபத்தில் மொத்தம் 78 வீதம் வரியாகப் போகிறது. அதே நேரத்தில் தேடும் செலவைக் கம்பனி தன் இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பழைய பெரிய கம்பனிக்கு இலாபம் இருப்பதால் உடனே கழித்துவிடும். புதிதாக வரும் சிறிய கம்பனிக்கு இலாபமே இல்லையே, எதிலிருந்து கழிப்பது? எனவே 2005இல் ஒரு திட்டம் வந்தது. இலாபம் இல்லாத கம்பனி தேடுவதற்காக 100 குரோனர் செலவிட்டால், அதில் 78 குரோனரை அரசு மறுவருடம் காசாகவே திருப்பிக் கொடுத்தது. 2022இல் வரிமுறை மாற்றப்பட்டபோது இந்தத் தனி ஏற்பாடு நீங்கி, நட்டத்தின் விசேட வரிப் பங்கை அரசு திருப்பிக் கொடுக்கும் பொதுவான முறையொன்று வந்தது.

இது நியாயமா? இரண்டு பக்கத்தையும் கேளுங்கள். "இலாபத்தில் 78 பங்கை எடுக்கிறவன் செலவிலும் 78 பங்கைத் தாங்குவதுதான் நீதி. பங்காளி என்றால் இரண்டிலும் பங்காளி" என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். வெறுங்கிணறு துளைத்தால் மக்களின் பணமும் அல்லவா கடலுக்குள் போகிறது என்று கேட்கிறார்கள் எதிர்ப்பவர்கள். எண்ணெய்ப் புகையால் உலகம் சூடேறும் இக்காலத்தில், புதிது புதிதாகத் தேட அரசே ஊக்கம் கொடுக்கலாமா என்பது அவர்களின் இரண்டாவது கேள்வி.

என் மனதில் படுவது இதுதான். செலவில் பங்கெடுப்பது தவறன்று. இலாபத்தில் பங்கை உறுதியாக எழுதாமல் செலவில் மட்டும் பங்கெடுப்பதுதான் ஏமாளித்தனம். நோர்வேயின் கையில் வலுவான வரிச் சட்டம் இருந்தது. அங்கு வந்த பணத்தையும் அவர்கள் உண்டு தீர்க்கவில்லை. 1990இல் ஒரு நிதியத்துக்குச் சட்டம் இயற்றி, 1996இல் முதற் பணத்தை வைப்பிலிட்டார்கள். 2017இல் அதன் பெறுமதி ஒரு இலட்சம் கோடி டொலரைத் தாண்டியது. வருடந்தோறும் அதிலிருந்து சுமார் 3 வீதத்தையே செலவிடுவது என்று வரையறை வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அனுப்பும் வெளிநாட்டுப் பணத்தில் வீட்டுச் செலவுக்கு அளவோடு எடுத்து, மிச்சத்தைப் பிள்ளைகளின் எதிர்காலத்துக்குப் போட்டு வைக்கும் கெட்டிக்காரப் பெண்களை நானறிவேன். அந்தக் கெட்டித்தனத்தை ஒரு நாடே சட்டமாக எழுதிக்கொண்டது.

காவற்காரன் காசு எண்ணக்கூடாது

2010 ஏப்ரல் 20ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மெக்சிக்கோ வளைகுடாவில் ஆழ்கடல் துளையிடும் மேடை ஒன்று வெடித்தது. 11 தொழிலாளர் இறந்தனர். கடலடிக் கிணற்றிலிருந்து எண்ணெய் 87 நாட்கள் பீறிட்டு ஓடியது. மீனவர்கள் தொழிலை இழந்தனர். விசாரித்துப் பார்த்தபோது தெரிய வந்த குறைகளுள் ஒன்று, அனுமதி வழங்கி அதற்கான பணத்தைச் சேகரிப்பதும், பாதுகாப்பைப் பரிசோதிப்பதும் ஒரே அரச நிறுவனமாக இருந்ததாகும். அதிகப் பணம் வர வேண்டும் என்று விரும்பும் கை, வேலையை நிறுத்து என்று எப்படிச் சொல்லும்? அடுத்த வருடமளவில் அமெரிக்கா அந்த நிறுவனத்தைக் கலைத்து, வேலைகளைத் தனித்தனியே பிரித்தது. நோர்வேயோ 2004இலேயே பாதுகாப்புக்கெனத் தனியதிகார சபையை அமைத்துவிட்டது. 1980இல் அங்கும் ஒரு கடல் மேடை கவிழ்ந்து 123 பேர் மாண்ட சோகம் நடந்திருக்கிறது.

ஒழுங்குவிதி என்பது எங்கோ கடலில் உள்ள விடயமல்ல. 2021இன் இறுதி மாதங்களில் நம் நாட்டுச் சமையலறைகளில் கேஸ் அடுப்புகள் வெடித்ததையும், சிலிண்டருக்குள் இருக்கும் புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் பற்றி நாடே பேசியதையும் நினைத்துப் பாருங்கள். பரிசோதிக்க வேண்டியவர் பரிசோதிக்காவிட்டால் தீப்பிடிப்பது பெண்ணின் சேலைத் தலைப்பில்தான்.

நமது மன்னார்

மன்னாரில் தேடுதல் புதிதல்ல. 1970களில் சோவியத் உதவியோடு பேசாலையில் கிணறுகள் துளைக்கப்பட்டன; பலன் கிட்டவில்லை. 2001இலும் 2005இலும் கடலில் ஒலி அலை ஆய்வு செய்தது நோர்வேயைச் சேர்ந்த ஒரு கம்பனிதான். 2003இல் பெற்றோலிய வளச் சட்டம் நிறைவேறியது. 2008இல் இந்தியாவின் கெயார்ன் கம்பனியுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2011இல் ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழமான கடலில் துளைத்து, டொராடோ, பரகுடா என்று பெயரிடப்பட்ட இரு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டார்கள். வேறு கிணறுகள் வெறுமையாயின. 2014இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரியத் தொடங்கியது. 2015இல் கம்பனி விலகிக்கொண்டது. 2021இல் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய பெற்றோலிய வளச் சட்டம் வந்து, பெற்றோலிய அபிவிருத்திக்கெனத் தனி அதிகார சபையும் உருவானது.

ஆகவே சகோதரியின் முதற் கேள்விக்குப் பதில்: யாரோ தடுத்ததால் மட்டும் அது கடலுக்குள் கிடக்கவில்லை. ஆழம் அதிகம், செலவு அதிகம், விலை ஏறி இறங்கும். கண்டுபிடித்ததை எடுத்து விற்றால் கட்டுப்படியாகுமா என்ற கணக்குத்தான் பெரிய தடை.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். மன்னாரில் கண்டது இயற்கை வாயு. அதன் பெரும்பகுதி மீத்தேன். உங்கள் சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டும் ஒன்றல்ல. இயற்கை வாயு குழாய் வழியாகக் கரைக்கு வந்தால் முதலில் போகக்கூடிய இடம் மின்னிலையம். மின்சாரக் கட்டணத்திலும் நாட்டின் டொலர் கையிருப்பிலும் அதன் பயன் தெரியலாம். மறுநாளே சிலிண்டர் விலை பாதியாகும் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

மன்னார்க் கடல் வெறுங்கடலும் அல்ல. அது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோற்றுப் பானை. 2021இல் கொழும்புக்கு அப்பால் ஒரு கப்பல் தீப்பற்றி மூழ்கியபோது, பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கி, மீன் வாங்கவே மக்கள் அஞ்சினார்களே! ஒரு கப்பலுக்கே அப்படியென்றால், ஒரு கிணறு வெடித்தால் நட்டஈடு யார் தருவது, எவ்வளவு, எத்தனை நாளில் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும்.

கேட்க வேண்டியவை

நாம் நோர்வேயைப் போலச் செலவில் 78 வீதத்தைத் திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள நாடல்ல. கடன் சுமையில் இருப்பவர்கள். ஆனால் நோர்வே ஆரம்பத்தில் செய்தவற்றுள் பல, பணம் வேண்டாதவை. சொத்து மக்களுடையது என்று தெளிவாக எழுதுவது, தோண்டாத கட்டத்தைத் திருப்பி வாங்குவது, ஆய்வுத் தரவுகளை அரசின் கையில் வைத்திருப்பது, அவற்றை வாசிக்கத் தெரிந்த நம் பிள்ளைகளை அரசின் பக்கம் அமர்த்துவது, காசு எண்ணுபவனையும் காவல் காப்பவனையும் பிரிப்பது ஆகியவை அவை.

நாளை மன்னாரில் மீண்டும் கட்டங்கள் ஏலம் போகும்போது பத்திரிகையில் பெரிய எழுத்தில் வருவது எத்தனை கோடி டொலர் வரும் என்ற செய்திதான். நீங்கள் அதற்குக் கீழே உள்ள சிறிய எழுத்தை வாசியுங்கள். எத்தனை வருடம், எவ்வளவு பங்கு, நட்டம் யாருக்கு, குழியை மூடுவது யார், கணக்கை யார் பார்ப்பது? குடும்பக் காணிக்குக் கேட்பது போலவே கேளுங்கள். உங்கள் மகளுக்கு விஞ்ஞானத்தில் ஆர்வம் இருந்தால் புவியியலும் ஒரு படிப்புத்தான் என்று சொல்லி வையுங்கள். அமைச்சில் குவிந்து கிடக்கும் கிணற்று விபரங்களை வாசித்துப் பொருள் சொல்ல, எங்கட வீட்டிலிருந்தே ஒருத்தி போகட்டுமே!

துண்டுச் சீட்டு அனுப்பிய சகோதரிக்கு நன்றி. உம்மாவின் விறகடுப்பை நாங்கள் இன்னும் உடைக்கவில்லை. மழை படாமல் தகரம் ஒன்றைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.